சிறுகுறிஞ்சான் இலைச் சாறும் சர்க்கரை நோயும்: எலிச் சோதனைத் திட்டத்தைப் பார்த்துக் குறை சொல்லுங்கள்

இலைத்தேடல்:

வணக்கம். முதுகலை மருந்தியல் ஆய்வுக்காகச் சிறுகுறிஞ்சான் இலைச் சாற்றின் சர்க்கரை குறைக்கும் திறனைச் சோதிக்க இருக்கிறேன். விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் தயாராகிறது. அனுப்பும் முன் அனுபவம் உள்ளவர்கள் ஒருமுறை பார்த்தால் நன்றாக இருக்கும்.

நிழலில் உலர்த்திய இலைப்பொடியை 70 சதவீத எத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் வற்ற வைப்பேன். ஆண் விஸ்டார் எலிகள், குழுவுக்கு 6. சர்க்கரை நோயை உண்டாக்க ஸ்ட்ரெப்டோசோடோசின் கிலோவுக்கு 60 மி.கி. வீதம் ஒரே ஊசி. 72 மணி நேரம் கழித்து வெறும் வயிற்றுச் சர்க்கரை 250 மி.கி./டெ.லி.க்கு மேல் உள்ள எலிகளை மட்டும் எடுத்துக்கொள்வேன். சாதாரண எலிகள் ஒரு குழு, மருந்து எதுவும் கொடுக்காத சர்க்கரை எலிகள் ஒரு குழு, சாறு 200 மி.கி., சாறு 400 மி.கி., ஒப்பீட்டு மருந்தாகக் கிளிபென்கிளமைடு 5 மி.கி. என ஐந்து குழுக்கள். 21 நாள். வாரம் ஒருமுறை குளுக்கோமீட்டரில் அளவு, கடைசியில் எச்பிஏ1சியும் (கடந்த சில வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு) கணையத் திசு ஆய்வும்.

முன்னோட்டமாக, மாவுப்பொருளைக் குளுக்கோஸாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியை (ஈஸ்டிலிருந்து எடுத்தது) வைத்துப் பார்த்ததில், எங்கள் சாறு அந்த நொதியைத் தடுக்கும் சர்க்கரை மருந்தான அகார்போஸைவிடப் பல மடங்கு நன்றாகத் தடுத்தது. அதனால் நம்பிக்கையோடு இருக்கிறேன். எங்கே ஓட்டை இருக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள்.

பழைய ஆய்வகம்:

திட்டத்தை முழுசாகப் போட்டதற்கு நன்றி. நிறையப் பேர் ஆய்வு முடிந்து எண்கள் கைக்கு வந்த பிறகுதான் கேட்கிறார்கள். அப்போது யாரும் எதையும் சரிசெய்ய முடியாது.

எனக்கு முதலில் உறுத்துவது 60 மி.கி. ஊசியும் கிளிபென்கிளமைடும் ஒரே திட்டத்தில் இருப்பது. ஸ்ட்ரெப்டோசோடோசின் குளுட்2 என்ற கடத்தி வழியாக, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் நுழைந்து அதன் டிஎன்ஏவைச் சிதைக்கிறது, செல் செத்துப்போகிறது. கிளிபென்கிளமைடோ உயிரோடு இருக்கும் பீட்டா செல்லின் பொட்டாசியம் வாயிலை மூடி, அதை இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. செல்லே இல்லாவிட்டால் அதற்கு வேலை கிடையாது. ஆனாலும் இதே அமைப்பில் கிளிபென்கிளமைடு சர்க்கரையைக் கிட்டத்தட்டச் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்ததாகக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அது உண்மை என்றால், அந்த எலிகளில் பீட்டா செல்கள் கணிசமாகத் தப்பியிருக்கின்றன அல்லது மீண்டு வந்திருக்கின்றன. அப்போது சாறு குறைத்ததா, எலி தானாகத் தேறியதா என்று பிரித்துப் பார்க்க ரத்த இன்சுலின் அளவு கட்டாயம் வேண்டும். உங்கள் திட்டத்தில் அது எங்குமே இல்லை.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்தான் உங்கள் கேள்வி என்றால், கொழுப்பு மிகுந்த தீவனத்தை முதலில் கொடுத்து, இன்சுலின் எதிர்ப்பு உருவான பிறகு 35 மி.கி. அளவில் ஊசி போடும் முறைக்கு மாறுங்கள். நிகோடினமைடைக் கொடுத்துவிட்டு ஊசி போடும் முறை ஒன்றும் 1998இல் வந்தது. அதில் பீட்டா செல்களில் ஒரு பகுதி தப்பிக்கும், கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா மருந்துகள் வேலை செய்யும். இல்லை, முதல் வகை மாதிரிதான் வேண்டும் என்றால் ஒப்பீட்டு மருந்து இன்சுலின்தான்.

அப்புறம், ஊசி மருந்தைக் குளிர்ந்த சிட்ரேட் பஃபரில், பிஎச் 4.5இல் கரைத்து உடனே போட்டுவிடுங்கள். கரைத்து வைத்தால் சிதைந்துவிடும். ஊசி போட்ட சில மணி நேரத்தில், சாகும் பீட்டா செல்களிலிருந்து இன்சுலின் மொத்தமாக வெளியேறுவதால் சர்க்கரை படுபாதாளத்துக்குப் போகும். அன்றிரவு குளுக்கோஸ் கலந்த தண்ணீர் வைக்காவிட்டால் எலிகள் விடிவதற்குள் செத்துவிடலாம். 72 மணி நேரத்தில் எடுத்த அளவை மட்டும் நம்பாமல் ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். இரண்டு முறையும் 250ஐத் தாண்டியவை மட்டும் ஆய்வுக்குள் வரட்டும்.

ஊசிக்குப் பிறகுதான் சாற்றைத் தொடங்குகிறீர்கள், அது சரியான முடிவு. ஊசிக்கு முன்பே சாறு கொடுத்துவிட்டு, ‘சர்க்கரை நோயைத் தடுத்தது’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஸ்ட்ரெப்டோசோடோசினும், இதே வேலைக்குப் பயன்படும் அலோக்சானும் விஷங்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் எந்தப் பொருளும் அவற்றின் வேகத்தை ஓரளவு மழுங்கடிக்கலாம். அது அந்த விஷத்துக்கு எதிரான பாதுகாப்பு. எந்த மனிதருக்கும் சர்க்கரை நோய் அலோக்சானால் வருவதில்லை.

வேதிப்பட்டை:

ஐயா எலியிலிருந்து தொடங்கினார். நான் அதற்கு முந்தைய படியிலிருந்து வருகிறேன். உங்கள் புட்டியில் என்ன இருக்கிறது என்பதற்கு விண்ணப்பத்தில் ஒரு வரிகூட இல்லை.

செடியைத் தாவரவியலாளர் ஒருவர் அடையாளம் காண வேண்டும், உலர்மாதிரி ஒன்று ஹெர்பேரியத்தில் எண்ணோடு இருக்க வேண்டும். இதைச் சடங்காக நினைக்காதீர்கள். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸில் உடல் எடை குறைக்கும் சிகிச்சைக்குப் போன நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனச் செடி மாத்திரைக்குள் போயிருந்தது. பலருக்குப் பிறகு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. இத்தனைக்கும் காரணம் ஒரு செடி மாறிப்போனதுதான்.

அடுத்தது தரப்படுத்தல். இந்த இலையில் முக்கியமானவை ஜிம்னீமிக் அமிலங்கள். ஒன்றல்ல, ஒரு பெரிய குடும்பம். தனித்தனியாக அளப்பது கடினம் என்பதால் நீராற்பகுத்து, கிடைக்கும் ஜிம்னீமாஜெனினை எச்பிஎல்சியில் (கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி) அளப்பது வழக்கம். உங்கள் சாற்றில் அது எத்தனை சதவீதம்? இந்தப் பருவத்து இலையிலும் அடுத்த பருவத்து இலையிலும் ஒரே அளவா? இதற்கு எண் இல்லாவிட்டால் ‘400 மி.கி. கொடுத்தோம்’ என்பதை வேறு யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது. ஆய்வு முழுவதற்கும் தேவையான இலையை ஒரே தடவையில் சேகரித்து, ஒரே தொகுதியாக வடித்து, குளிரில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளும் கடைசி நாளும் எச்பிஎல்சி படம் எடுத்து ஒப்பிடுங்கள். மிச்ச எத்தனாலும் கன உலோகங்களும் பார்க்கப்பட வேண்டும்.

இப்போது அந்த அகார்போஸ் ஒப்பீடு. இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும், ஏனென்றால் இதே வாக்கியத்தை வாரம் ஒரு கட்டுரையிலாவது படிக்கிறேன். அகார்போஸ் பாலூட்டிகளின் குடல் நொதியைப் பலமாகத் தடுக்கும். ஈஸ்ட் நொதி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது, அதை அகார்போஸ் மிகப் பலவீனமாகத்தான் தடுக்கிறது. ஆக ஈஸ்ட் நொதியை வைத்துச் சோதித்தால் அகார்போஸ் தோற்பதற்கென்றே மேடை போட்டதாகிவிடும், எந்த இலைச் சாறும் ஜெயித்துவிடும். குடல் நொதி உள்ள எலிக் குடல் அசிட்டோன் பொடி வாங்கி, மால்டோஸும் சுக்ரோஸும் வைத்துத் திரும்பச் செய்யுங்கள். சாற்றில் டானின் இருந்தால் அது எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொண்டு நொதியைச் செயலிழக்க வைக்கும். டானினை நீக்கிவிட்டு ஒருமுறை, நீக்காமல் ஒருமுறை பாருங்கள். நீக்கியதும் தடுப்புத் திறன் காணாமல் போனால், அதை மருந்துச் செயல் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

இலைத்தேடல்:

வேதிப்பட்டை மேடம், ஈஸ்ட் நொதி விஷயம் எனக்குப் புதிது. மிக்க நன்றி. குடல் பொடிக்கு ஏற்பாடு செய்கிறேன். பழைய ஆய்வகம் ஐயா, கொழுப்புத் தீவன முறைக்கு மாறுவதாக இருந்தால் ஒப்பீட்டு மருந்து மெட்ஃபார்மினாக இருக்கலாமா?

பழைய ஆய்வகம்:

இருக்கலாம், இருக்கவும் வேண்டும். இன்சுலின் எதிர்ப்பு உள்ள எலியில் அதுதான் பொருத்தம். இன்னொன்று: கொழுப்புத் தீவனம் மட்டும் தின்று ஊசி போடாத குழு ஒன்றும் வேண்டும். இல்லாவிட்டால் தீவனத்தின் விளைவும் ஊசியின் விளைவும் கலந்துவிடும்.

மறுகேள்வி:

ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். எல்லோரும் எலியைச் சுற்றியே பேசுகிறீர்கள். இந்த இலையை மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். அந்த அனுபவம் சான்று ஆகாதா? ஒரு எலிக்கு விஷ ஊசி போட்டுச் செயற்கையாக நோயை உண்டாக்கி, அது பிழைக்கிறதா என்று பார்ப்பதைவிட, ஏற்கெனவே எடுத்துக்கொள்ளும் மனிதர்களை முறையாகக் கவனிப்பது அறிவியலுக்கும் நெருக்கம், எலிகளுக்கும் நல்லது. மெட்ஃபார்மினே செடியிலிருந்து வந்ததுதானே? அப்போது யார் இத்தனை நிபந்தனை போட்டார்கள்?

மருத்துவர் ந:

மறுகேள்வி, உங்கள் முதல் பாதியோடு எனக்கு உடன்பாடு உண்டு. மனிதப் பயன்பாட்டிலிருந்து தொடங்கி ஆய்வகத்துக்குத் திரும்பி வரும் வழி நல்ல வழிதான். ஆனால் மெட்ஃபார்மின் கதை உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

கலீகா என்ற செடி ஐரோப்பாவில் பழைய மருந்து. அதில் உள்ள கலீஜின் சர்க்கரையைக் குறைக்கும், ஆனால் நச்சு. அந்தச் செடியை மேய்ந்து ஆடுகள் செத்திருக்கின்றன. 1918இல் குவானிடின் விலங்குகளில் சர்க்கரையைக் குறைப்பது தெரிந்தது. 1926இல் அதே வழியில் சிந்தலின் என்ற மருந்து வந்து, கல்லீரலைக் கெடுத்ததால் கைவிடப்பட்டது. மெட்ஃபார்மினை 1922இலேயே தயாரித்துவிட்டார்கள். ஆனால் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டது 1957இல். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1994இன் கடைசியில். பெரிய அளவில் நீண்டகாலப் பலனைக் காட்டிய பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வு வந்தது 1998இல். செடி வழியைக் காட்டியது உண்மை. நோயாளியின் கைக்கு வந்தது அந்தச் செடி அல்ல.

சிறுகுறிஞ்சானுக்கே வருவோம். 1990இல் வந்த ஓர் ஆய்வைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேர், அன்றாடம் 400 மி.கி. சாறு, 18 முதல் 20 மாதம், வழக்கமான மாத்திரைகளோடு சேர்த்து. சர்க்கரை குறைந்தது, 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. ஆர்வமூட்டும் முடிவு, மறுக்கவில்லை. ஆனால் நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை, பிளேசிபோ இல்லை. ஒன்றரை வருடம் அடிக்கடி மருத்துவரைப் பார்த்து, சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும் ஒருவர் சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொள்வார். சர்க்கரை மோசமாக இருக்கும் நேரத்தில்தான் ஒருவர் ஆய்வில் சேர்கிறார் என்பதால், எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த அளவு கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். இந்த இரண்டையும் கழித்துவிட்டுச் சாற்றுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியாது.

பாகற்காய்க்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். சோதனைக்குழாயிலும் எலியிலும் நூற்றுக்கணக்கில் நல்ல முடிவுகள். மனிதர்களில் நடந்த குலுக்கல் ஆய்வுகளை மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2012இல் திரட்டிப் பார்த்தபோது, பரிந்துரைக்கப் போதுமான சான்று இல்லை என்றே முடித்தது.

இன்னொரு விஷயத்தை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை குறைவது எப்போதுமே நல்லதற்கு அல்ல. ஆக்கீ என்ற பழம் பழுக்காமல் இருக்கும்போது அதில் ஹைப்போகிளைசின் என்ற பொருள் நிறைய இருக்கும். அது உடலில் கொழுப்பு எரிவதைத் தடுத்து, அதன் மூலம் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்வதை முடக்கிவிடும். சர்க்கரை பிரமாதமாகக் குறையும். ஆளும் இறந்துபோகலாம். சாறு கொடுத்த எலியில் சர்க்கரை இறங்கினால் ‘கல்லீரல் எப்படி இருக்கிறது’ என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். சிறுகுறிஞ்சான் எடுத்துக்கொண்ட ஒரு நோயாளிக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாக 2010இல் ஒரு பதிவும் இருக்கிறது. ஒரே ஒருவர்தான், ஆனாலும் கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்ஜிபிடி பார்க்காமல் விட அது அனுமதி தராது.

மறுகேள்வி:

டாக்டர், ஆக்கீ உதாரணம் வலுவானது, ஏற்கிறேன். ஆனால் தலைமுறைப் பயன்பாடு கடுமையான நச்சையாவது வடிகட்டியிருக்கும் என்ற என் வாதம் இன்னும் நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

மருத்துவர் ந:

உடனடியாகக் கொல்லும் நச்சை வடிகட்டியிருக்கும். பத்து வருடம் கழித்துச் சிறுநீரகத்தில் தெரியும் நச்சை எந்தத் தலைமுறையும் அந்த இலையோடு சேர்த்துப் பார்த்திருக்காது. மேடம் சொன்ன அரிஸ்டோலோக்கியாவும் பல நாடுகளில் பழைய மருந்துச் செடிதான். அதோடு, இவர் செய்வது மரபான கஷாயம் அல்ல. 70 சதவீத எத்தனால் இழுத்து வரும் பொருட்கள் தண்ணீர் இழுத்து வருபவற்றிலிருந்து வேறுபடும். மரபின் பாதுகாப்புச் சான்றை அப்படியே இதற்கு மாற்றிவிட முடியாது.

வேதிப்பட்டை:

இதை நானும் சொல்ல நினைத்தேன். இலைத்தேடல், முடிந்தால் தண்ணீர்க் கஷாயத்தையும் ஒரு குழுவாகச் சேருங்கள். மறுகேள்வியின் வாதத்துக்கு மரியாதை கொடுப்பதாகவும் இருக்கும், உண்மையிலேயே பயனுள்ள ஒப்பீடாகவும் இருக்கும்.

எண்கணக்கு:

குழுவுக்கு 6 என்பது எங்கிருந்து வந்தது? எல்லோரும் 6 போடுகிறார்கள் என்பது காரணம் ஆகாது.

உங்கள் சர்க்கரை எலிகளின் அளவுகள் சராசரியிலிருந்து 60 மி.கி. அளவுக்குச் சிதறும் என்று வைத்துக்கொள்வோம். 80 மி.கி. வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு கண்டுபிடிக்க, சிதறலை வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கம் எடுத்து, 16ஆல் பெருக்குங்கள். 9 வரும். ஆறு எலிகள் இருந்தால் 98 மி.கி.க்குக் குறைவான வித்தியாசம் கண்ணில் படாமல் போக நிறைய வாய்ப்பு. பல குழுக்களைச் சர்க்கரை கண்ட்ரோலோடு ஒப்பிட்டால் இன்னும் கூடுதலாக வேண்டும். ஊசியில் சாவும் எலிகளையும் முன்கூட்டியே கணக்கில் சேருங்கள்.

எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பது குலுக்கலில் நடக்கட்டும். கூண்டிலிருந்து கைக்கு முதலில் அகப்படும் எலி பெரும்பாலும் சோர்ந்த எலி. சர்க்கரை அளப்பவருக்கும் கணையத் திசுவைப் பார்ப்பவருக்கும் எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. திசு ஆய்வில் இதை யாரும் செய்வதில்லை, ஆனால் கண் ஏமாறுவது அங்கேதான். ஒரு குழு முழுவதையும் ஒரே கூண்டில் வைத்தால் கூண்டின் விளைவு எது, மருந்தின் விளைவு எது என்று பிரிக்க வழியே இல்லை. குழுக்களைக் கூண்டுகளில் பரப்புங்கள்.

குளுக்கோமீட்டர் 600ஐத் தாண்டினால் ‘ஹை’ என்று மட்டும் காட்டும். அதை 600 என்று எழுதிவைத்தால் சராசரி பொய் சொல்லும். அந்த மாதிரிகளைக் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் முறையில் ஆய்வகத்தில் அளக்கவும். சர்க்கரை எலிக்கு உடலில் நீர் வற்றி ரத்தம் கெட்டியாகும், அதுவே மீட்டரின் அளவைக் குறைத்துக் காட்டும். எச்பிஏ1சி விஷயம்: எலியின் சிவப்பணு 60 நாள் வாழும், உங்கள் ஆய்வோ 21 நாள். முழு மாற்றம் அதில் தெரியாது.

கீரைப்பாத்தி:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆய்வாளர் இல்லை. என் அப்பா கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் எடுக்கிறார். யாரோ சொன்னார்கள் என்று கொஞ்ச காலமாகச் சிறுகுறிஞ்சான் பொடியும் சாப்பிடுகிறார். அளவு குறைந்திருக்கிறது, அதனால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறார். இங்கே படித்த பிறகு எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

மருத்துவர் ந:

கீரைப்பாத்தி, அப்பா தானாக எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். முதல் வேலையாக, பொடி எடுப்பதை அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். திட்டுவார் என்று பலர் மறைக்கிறார்கள். மறைப்பதால்தான் ஆபத்து.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து, அதனாலேயே தாழ்சர்க்கரை வரலாம். பொடிக்கும் அதே திசையில் விளைவு இருந்தால் இரண்டும் சேர்ந்து கீழே இழுக்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இந்த இலையின் சாறு நாக்கில் பட்டால் இனிப்பு சிறிது நேரம் தெரியாமல் போகும். அதனால் ‘இனிக்கவில்லையே’ என்று குளுக்கோஸைத் துப்பிவிட வேண்டாம். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். விற்கப்படும் பொடியில் வேறு மருந்து கலந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதும் தெரிந்திருக்கட்டும். 2008இல் சிங்கப்பூரில் வேறு ஒரு காரணத்துக்காக விற்ற மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்து, தாழ்சர்க்கரையால் மருத்துவமனைக்கு வந்தவர்களில் 4 பேர் இறந்தார்கள். அளவு திடீரென்று நன்றாகக் குறைந்தால் அந்தச் சந்தேகமும் வர வேண்டும்.

கீரைப்பாத்தி:

ரொம்ப நன்றி டாக்டர். அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கப் போகிறோம்.

வேதிப்பட்டை:

டாக்டர் சொன்ன ‘எந்த வழியில் குறைகிறது’ என்பதோடு ஒரு சேர்க்கை. 1999இல் ஒரு நல்ல வேலை நடந்தது. சிறுகுறிஞ்சான் சாறு கணையத் தீவுச் செல்களிலிருந்து இன்சுலினை வெளியேற்றுவதைக் காட்டினார்கள். ஆனால் கூடவே, அது நடப்பது செல் சவ்வு ஒழுகத் தொடங்குவதால் என்பதையும் காட்டினார்கள். ஜிம்னீமிக் அமிலங்கள் சபோனின்கள், சோப்பு மாதிரி சவ்வைத் துளைக்கும் தன்மை உடையவை. சுரப்பது வேறு, ஒழுகுவது வேறு. செல் வளர்ப்பில் இன்சுலின் அளக்கப் போகிறீர்கள் என்றால் டிரைபான் ப்ளூ சாயத்தையும் கூடவே போட்டுப் பாருங்கள். சாயம் உள்ளே போனால் அந்த இன்சுலின் எண்ணை வைத்துக் கொண்டாட வேண்டாம்.

பழைய ஆய்வகம்:

அருமையான குறிப்பு. ஆனால் வழி தெரிந்துகொள்வதற்கு எத்தனை மதிப்பு என்பதற்கு ஒரு மகிழ்ச்சியான கதையும் இருக்கிறது. ஆப்பிள் மரப் பட்டையிலிருந்து 1835இல் ஃப்ளோரிசின் பிரித்தெடுத்தார்கள். 1886இல் ஃபான் மேரிங், அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போவதைக் கண்டார். அப்படியே மருந்தாக்க முடியவில்லை. குடலில் உடைந்துவிடும், உடையாத பங்கு குடலின் குளுக்கோஸ் கடத்தியையும் தடுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். ஆனால் 1987இல் கணையத்தின் பெரும்பகுதியை நீக்கிய எலிகளுக்கு அதைக் கொடுத்தபோது, சர்க்கரை சிறுநீரில் வெளியேறியதும் இன்சுலின் எதிர்ப்பும் சரியானது. சிறுநீரகக் கடத்தியை மட்டும் தடுக்கும், குடலில் உடையாத மூலக்கூறைத் தேடி, கடைசியில் டபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் வந்தன. எலியில் ‘சர்க்கரை குறைந்தது’ என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் இது நடந்திருக்காது. சர்க்கரை எங்கே போனது என்று தேடினார்கள்.

அதனால்தான் இலைத்தேடலிடம் கேட்கிறேன்: தீவனத்தையும் தண்ணீரையும் தினமும் எடை போடப் போகிறீர்களா? கசப்பும் சபோனினும் நிறைந்த சாறு வயிற்றில் இறங்கினால் எலி குறைவாகத் தின்னும். குறைவாகத் தின்றால் சர்க்கரை குறையும். குழாய் வழியாகக் கொடுப்பதால் கசப்பு தெரியாது என்று நினைக்க வேண்டாம், குமட்டலுக்கு நாக்கு தேவையில்லை. சாறு தின்னும் எலி எவ்வளவு தின்றதோ அதே அளவு தீவனம் மட்டும் கொடுத்து ஒரு குழுவை வைத்துப் பாருங்கள். தேவைப்படும் எலிகள் கூடும், ஆனால் இந்த ஆய்வின் மையமே அந்தக் குழுதான் என்று நினைக்கிறேன்.

இலைத்தேடல்:

எல்லோருக்கும் நன்றி. மாற்றி எழுதிய திட்டம் இப்படி வந்திருக்கிறது. கொழுப்புத் தீவனம், பிறகு 35 மி.கி. ஊசி, ஒரு வாரம் கழித்து உறுதிசெய்தல். ஒப்பீடு மெட்ஃபார்மின். எத்தனால் சாறு இரண்டு அளவு, தண்ணீர்க் கஷாயம் ஒரு அளவு, தீவனம் சமப்படுத்திய குழு ஒன்று, தீவனம் மட்டும் தின்னும் குழு ஒன்று. சாறு கரைக்கும் சிஎம்சி திரவத்தையே கண்ட்ரோல் எலிகளுக்கும் கொடுப்பேன். இன்சுலின், குளுக்கோஸ் தாங்கு சோதனை, எஸ்ஜிபிடி, கிரியாட்டினின், தினசரித் தீவனம், எடை எல்லாம் சேர்த்திருக்கிறேன். எச்பிஏ1சி வேண்டும் என்பதற்காக ஆய்வை 8 வாரமாக நீட்டியிருக்கிறேன். திசுவைப் பார்ப்பவருக்குக் குறியீட்டு எண் மட்டும்தான் தெரியும்.

இரண்டு கேள்விகள் மிச்சம். 200, 400 என்ற அளவுகளை எல்லோரும் பயன்படுத்துவதால் நானும் எடுத்தேன். அது சரியா? அப்புறம், சாறு கொடுத்த குழுவும் தீவனம் சமப்படுத்திய குழுவும் ஒரே மாதிரி வந்துவிட்டால் என் ஆய்வேட்டுக்கு என்ன ஆகும்?

பழைய ஆய்வகம்:

முதல் கேள்வி. எலி அளவை மனித அளவாக மாற்ற 6.2ஆல் வகுக்க வேண்டும். 400 மி.கி. என்பது மனிதருக்குக் கிலோவுக்குச் சுமார் 65 மி.கி. 60 கிலோ எடை உள்ளவருக்குக் கிட்டத்தட்ட 3.9 கிராம் சாறு. உங்கள் சாறு உலர் இலையில் 10 சதவீதம் கிடைக்கிறது என்றால் அது 39 கிராம் உலர்ந்த இலை, ஒவ்வொரு நாளும். டாக்டர் சொன்ன மனித ஆய்வில் கொடுத்தது 400 மி.கி. சாறு. கிட்டத்தட்டப் பத்து மடங்கு வித்தியாசம். அதனால் கீழிருந்து தொடங்குங்கள்: 50, 100, 200. இரண்டு அளவு போதாது, மூன்று அளவில் படிப்படியாக விளைவு கூடினால்தான் நம்பலாம். அதற்கு முன் ஓஇசிடி 423 என்ற சர்வதேச வழிகாட்டி முறையில் உடனடி நச்சுச் சோதனை. 8 வாரம் தொடர்ந்து கொடுக்கப் போகிறீர்கள் என்பதால் சாதாரண எலிகளில் 28 நாள் தொடர் நச்சுச் சோதனையும் நடக்க வேண்டும். உடல் எடையில் 20 சதவீதம் குறைந்த எலியை ஆய்விலிருந்து விலக்கி வலியில்லாமல் முடிப்போம் என்று விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாம் கேள்வி. இரண்டு குழுவும் ஒன்றாக வந்தால், இந்தச் சாறு எலியில் பசியைக் குறைப்பதன் மூலம் சர்க்கரையைக் குறைக்கிறது என்பது உங்கள் முடிவு. ஆய்வேட்டின் தலைப்பை அதற்கேற்ப மாற்றி எழுதுங்கள். அதை எந்தத் தேர்வாளரும் குறைவாக மதிப்பிட முடியாது, ஏனென்றால் இந்தச் செடியைப் பற்றி அப்படி ஒரு குழுவை வைத்துப் பார்த்த கட்டுரைகள் அரிது. அடுத்து வருபவர் குமட்டலா, இனிப்புச் சுவை மங்கியதா, குடல் ஹார்மோன்களா என்று அங்கிருந்து தொடங்கலாம். தீவனத்தை எடை போடும் தராசு அரை கிராம் வரையாவது துல்லியமாக இருக்கட்டும், கூண்டுக்கு அடியில் சிந்துவதையும் சேர்த்து எடை போடுங்கள்.